பத்தொன்பதாம் ரேக்கில் நின்ற ஃபைல்

இன்று மதியம் கீழ் வீட்டுக்கு டிவி மெக்கானிக் வந்திருந்தார். நான் மேலே அட்டைப்பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகச் சால்டரிங் பேஸ்ட் கருகும் புகை ஏறி வந்தது. கொஞ்சம் பிசின், கொஞ்சம் ஈயம், மூக்குக்குள் லேசாகக் காறும் அந்த வாசனை. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நீ போன பிறகு எனக்கு எதுவும் மணக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஊதுபத்தி, சாம்பார், மழை எதுவும். இது மணந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திருப்பத்தூரிலிருந்து வேன் கொண்டுவருகிறார். அவருடைய ஹார்டுவேர் கடையில் எனக்கு ஒரு நாற்காலி, மாடியில் ஓர் அறை. சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்கிறேன். ஆனால் இந்தப் பெங்களூரைவிட்டு நான் கிளம்புவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை நீ விடவில்லை. அப்போது நீ என் மனைவி இல்லை. ஆபீஸில் பக்கத்துக் கம்ப்யூட்டர் டெர்மினலில் உட்கார்ந்திருந்த ஆஸ்டின் டவுன் பெண், அவ்வளவுதான். அந்த நாளை உனக்கு எழுதவேண்டும் போலிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்திலிருந்து நீ முழுதாகக் கேட்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் திரை உறைந்துபோனது. எந்தச் சாவியைத் தட்டினாலும் எழுத்து வரவில்லை. யூனிக்ஸ் மெஷினையே நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு வியர்த்துவிட்டது. நீ நாற்காலியோடு உருண்டு வந்து, இரண்டு சாவிகளைச் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினாய். தேங்கியிருந்த எழுத்தெல்லாம் மடமடவென்று ஓடி வந்தது. “தேங்க்ஸ் மேடம்” என்றேன்.

“மேடமா? நான் இன்னா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டா வெச்சிகிறேன்?”

திரையை உறைய வைத்ததும் நீதான் என்பதைச் சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னாய். கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் திரை நிற்கும். கன்ட்ரோலும் க்யூவும் அழுத்தினால் மறுபடி ஓடும். புதிதாக வருகிற எல்லோருக்கும் இதைச் செய்வாயாம். யார் கத்துகிறார்கள், யார் திருதிருவென்று விழிக்கிறார்கள் என்று பார்ப்பாயாம். நான் விழித்த வகை.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி. அவர்களுடைய கோடவுன் கணக்கை நாம் இங்கே சரிசெய்து, மோடம் வழியாகப் போன் லைனில் அங்கே அனுப்பவேண்டும். எந்த உதிரிபாகம் எந்த ரேக்கில் இருக்கிறது என்கிற ஃபைல் அது. அந்த ஒரு வேலைக்காகத்தான் என்னை எடுத்தார்கள். நான் வருவதற்கு முன்பு ஃபைல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நான் வந்த பிறகு போகவில்லை. பாதி வழியில் நின்றுவிடும். ஆபீஸில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே நன்றாகக் கேட்டது.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். மழையால் லைன் கெட்டிருக்கும் என்று லைன்மேனைக் கூப்பிட்டேன். மோடத்தை மாற்றினேன். வேறு போனில் மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் அது கீச்சிட்டு, கரகரத்து, கோயம்புத்தூர் மோடத்தோடு கை குலுக்கி, அழகாகக் கிளம்பும். சிவப்பு விளக்குகள் படபடக்கும். பிறகு அந்த ஒரே இடத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். லைன் அறுந்திருக்காது, இணைப்பைக் காட்டும் விளக்கு மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் கோடவுனைப் பார்த்துக்கொள்கிற சென்னியப்பன் இன்னொரு போனில் காத்திருப்பார். “பதினெட்டாம் ரேக் வரைக்கும் வந்துருச்சுங்க. அதுக்கு மேல காணமுங்களே” என்பார். எல்லாத் தடவையும் இதே வாக்கியம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போகவில்லையென்றால் பம்ப் கம்பெனி வேலையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும், அதன் பிறகு எனக்கும் இங்கே வேலை இருக்காது என்று மேனேஜர் நிதானமான ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். உன்னிடம் வந்து, எல்லாத் தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறதே என்று புலம்பினேன்.

உனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “ஒரே எடத்துலயா நிக்குது? அப்போ சிக்கிடுச்சுபா. எடம் மாத்தி மாத்தி நின்னாத்தான் நமக்குக் கஷ்டம்.”

அந்தச் சந்தோஷம் எனக்குப் புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. தினமும் ஆபீஸிலிருந்து வந்து, சாவி பாக்கெட்டில் இருக்க, காலிங் பெல்லை அழுத்திவிட்டு நிற்கிறேன். உள்ளே யாருமில்லை என்று தெரியும். ஆனாலும் நிற்கிறேன். மற்ற இடங்களில் எல்லாம் நான் ஒழுங்காகத்தான் ஓடுகிறேன், தெரியுமா. பில் கட்டுகிறேன், கேஸ் சிலிண்டருக்குப் பதிகிறேன். இந்த ஒரு இடத்தில்தான். நீ கேட்டிருந்தால் நாற்காலியோடு உருண்டு பக்கத்தில் வந்திருப்பாய்.

அந்த வெள்ளிக்கிழமை மஞ்சுநாத்தின் புதுவீட்டு விசேஷம். நம்மோடு வேலை பார்த்தவன், ஆனேக்கல்காரன். மதியச் சாப்பாட்டுக்கு ஆபீஸே கிளம்பியது. நான் என் பையோடு வந்தேன். ஆனேக்கல்லிலிருந்து ஓசூருக்கு பஸ் இருக்கிறது. ஓசூர் போய்விட்டால் கிருஷ்ணகிரி, அங்கிருந்து திருப்பத்தூர். சாயங்காலம் மேனேஜர் வாயால் கேட்டுவிட்டுப் போவதற்குப் பதில், சாப்பிட்டுவிட்டு அப்படியே நழுவிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீ பையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

“இன்னாபா, மூட்டை முடிச்சோட பந்திக்கு வந்துகிற? மிச்சத்த கட்டிக்கினு போறதுக்கா?”

துணி துவைக்கக் கொடுக்கவேண்டும் என்று ஏதோ உளறினேன். நீ மேலே கேட்கவில்லை. ஆனால் எதிர்வரிசையில் என்னைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தாய்.

எனக்கு அப்போது கன்னடம் சுத்தமாக வராது. வந்த புதிதில் மெஸ்ஸில் உட்கார்ந்து, பக்கத்தில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஒருவர் ஹாக்கி என்கிறார். இன்னொருவர் சாக்கு என்கிறார். சாப்பாட்டு நேரத்தில் எதற்கு ஹாக்கி, எதற்குக் கோணிச்சாக்கு என்று உன்னிடம் கேட்டபோது, நீ சிரித்த சிரிப்பில் மேனேஜர் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஹாக்கி என்றால் போடுங்கள். சாக்கு என்றால் போதும். அந்த இரண்டு வார்த்தைகளோடுதான் நான் ஆனேக்கல் பந்தியில் உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் மஞ்சுநாத்தின் மாமா. அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வீட்டில் ஏதோ திருட்டுப் போயிருந்தது. மாமா அதற்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, குனிந்து, என் சோற்றின் மேல் ஹுளியை ஊற்ற ஆரம்பித்தார். நம்மூர் சாம்பார் மாதிரிதான் அது. சரியாக அந்த நேரத்தில் மாமா குரலை உயர்த்தி, “மனெகெ ஒந்து நாயி சாக்கு” என்றார். கரண்டி நின்றது. பரிமாறுகிறவர் நிமிர்ந்து அடுத்த இலைக்குப் போய்விட்டார். என் சோற்றின் உச்சியில் ஒரு சொட்டு ஹுளி உட்கார்ந்திருந்தது.

எதிரே நீ புரையேறச் சிரித்தாய். எனக்குத் தமிழில் விளக்கினாய். வீட்டுக்கு ஒரு நாய் வளர்த்துக்கொள் என்றுதான் அவர் சொன்னாராம். வளர் என்பதற்கும் அதே சாக்குதான். போதும் என்பதற்கும் அதே சாக்குதான். சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாய். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண் மட்டும் எங்கேயோ போய்விட்டது.

“அவரு நாயப் பத்திப் பேசினாரு. ஊத்தறவரு காதுல இன்னா வுழுந்துச்சு?”

“போதும்னு வுழுந்துச்சு.”

“நம்ம ஃபைலுக்குள்ள யாருபா சாக்கு சொல்றாங்க?”

எனக்கு விளங்கவில்லை. நீ எழுந்துவிட்டாய். பந்தியில் பாதியில் எழுவது எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்குத் தெரியாதா. மஞ்சுநாத்தின் அம்மா பதறிக்கொண்டு வந்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் என்னவோ வேகமாகச் சொன்னாய்; அவர் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்கிற முகம் காட்டி, ஹோளிகெ, அதாவது நம்மூர் போளி, நாலைந்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். என் வேலை போகப்போகிறது, அதைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொன்னாயாம். அது எனக்கு நம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் ஓசூர் வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம்கூட இருந்தது. நீ என் பையை வாங்கி உன் தோளில் மாட்டிக்கொண்டு பெங்களூர் வண்டியில் ஏறினாய். பை போன வண்டியில் நானும் ஏறினேன்.

உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஹோளிகெயைப் பிய்த்துத் தின்றுகொண்டு, நீ என்னை விசாரணை செய்தாய். மோடத்திடம் கம்ப்யூட்டர் எப்படி நிறுத்து என்று சொல்லும்? ஒரு எழுத்தை அனுப்பும். எந்த எழுத்தை? கன்ட்ரோல் எஸ். நீ என் திரையை உறைய வைத்த அதே கன்ட்ரோல் எஸ். அந்த எழுத்து ஃபைலுக்குள்ளேயே இருந்தால்? அதெப்படி இருக்கும், உள்ளே வெறும் பாகத்தின் பெயரும் ரேக் நம்பரும்தானே என்றேன்.

“எந்த ரேக்குல நிக்குது?”

“பதினெட்டு வந்துடுது. பத்தொம்போது வர்ல.”

நீ ஹோளிகெயை வாயில் கவ்விக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாய். ஏ, பி, சி, டி. பக்கத்திலிருந்த அம்மாள் உன்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கை முடிந்தது, இன்னொரு கை முடிந்தது, மறுபடி முதல் கை. உன் விரல் போதாமல் என் கையைப் பிடித்து எண்ணினாய். எஸ்ஸில் வந்து நின்றாய். எஸ் பத்தொன்பதாவது எழுத்து. கம்ப்யூட்டருக்கு கன்ட்ரோல் எஸ் என்றால் வெறும் பத்தொன்பது என்கிற எண்தான். அதற்கு முந்தின மாதம்வரை அந்தக் கோடவுனில் பன்னிரண்டு ரேக்குகள்தான் இருந்தன. புதிதாகக் கட்டிப் பெரிதாக்கியதும் நான் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே சமயம். நம் புரோகிராம் ரேக் நம்பரை எழுத்தாக இல்லாமல் எண்ணாகவே அனுப்பியது. பத்தொன்பது என்று சொன்னவுடன் மோடம், சரி, போதும் என்கிறார்கள் என்று கரண்டியைத் தூக்கிவிட்டது. அங்கிருந்து வருகிற பதிலை நம் மெஷினிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பதில் வராமல் நம் மெஷின் காத்திருக்கிறது. யாரும் யாரிடமும் கோபமில்லை. எல்லோரும் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் க்யூ பதினேழாயிற்றே, பதினேழாம் ரேக் ஏன் தகராறு செய்யவில்லை என்று நான் கேட்டேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அது ஓடு என்கிற கட்டளை. ஓடுகிறவனைப் பார்த்து ஓடு என்றால் அவன் பாட்டுக்கு ஓடுவான்.

அப்போது பார்த்து கண்டக்டர் வந்து, எல்லி என்று கேட்டார். எங்கே இறங்கவேண்டும் என்கிறார். நீ அவரை நேராகப் பார்த்து, “ஹத்தொம்பத்து” என்றாய். பத்தொன்பது.

“ஆ ஸ்டாப் இல்லம்மா” என்றார் அவர், சிரிக்காமல்.

அந்த பஸ்ஸில் நான் சிரித்ததுபோல் அதற்கு முன்பு எப்போதும் சிரித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, கம்பியிலிருந்து கை நழுவி, அந்த அம்மாள் மடியில் விழப்பார்த்தேன். என் பை உன் தோளில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆபீஸில் யாருமில்லை. மோடத்தில் அந்த நிறுத்து எழுத்தை மதிக்காதே என்று மாற்றினோம். போன் போட்டோம். விளக்குகள் படபடத்தன. சென்னியப்பன் இன்னொரு போனில் படித்துக்கொண்டே வந்தார். பதினேழு வந்தது. பதினெட்டு வந்தது. “பத்தொம்பது வந்துருச்சுங்க” என்றார். நீ மேஜையைத் தட்டினாய். நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினேன். பத்தொன்பது ஓடியது, இருபதும் ஓடியது. பிறகு அவர் குரல் தயங்கியது. எழுத்தெல்லாம் கொசகொசவென்று வருகிறதாம். பாகத்தின் பெயரில் பாதியைக் காணோமாம். கோடவுன் ஷட்டரை இறக்குகிற நேரமாகிவிட்டது என்றார். இன்னும் கொஞ்சம் இருங்கள் அண்ணா என்று கெஞ்சினேன்.

இது நம் தலையில் நாமே போட்டுக்கொண்டது. போதும் என்கிற வார்த்தையை எடுத்துவிட்டோம். இப்போது போதும் என்று சொல்ல யாருமில்லை. மெஷின் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. மோடம் அந்த வேகத்துக்கு லைனில் அனுப்பமுடியாமல் நிரம்பி வழிகிறது. நீ முதல் தடவையாகச் சோர்ந்து உட்கார்ந்தாய். வார்த்தை இருந்தால் தப்பாகக் கேட்கிறது, இல்லாவிட்டால் வழிகிறது என்றாய்.

அப்போது எனக்கு அந்தப் பந்தி திரும்ப வந்தது. மாமாவுக்கு ஹுளி போதும் என்றானபோது அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. நாயைப் பற்றிப் பேசிக்கொண்டே இடது கையை இலைக்கு மேலே விரித்தார். பரிமாறுகிறவர் விலகிப் போனார். வாய் தன் பாட்டுக்குப் பேசலாம், கை தனி.

“கை வேணுங்க நமக்கு” என்றேன். “வாய் வேணாம்.”

நீ நிமிர்ந்தாய். நாம் இருவரும் ஒரே சமயத்தில் மோடத்துக்குப் பின்னால் குனிந்தோம். மண்டை இடித்துக்கொண்டது. நிறுத்துவதற்கும் அனுப்புவதற்கும் என்றே தனிக் கம்பிகள் உண்டு. மெஷினிலும் உண்டு, மோடத்திலும் உண்டு. நடுவில் இருந்த கேபிளைத் திறந்து பார்த்தால் உள்ளே மூன்றே கம்பிகள். போக ஒன்று, வர ஒன்று, எர்த் ஒன்று. கையே இல்லாத கேபிள்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன். யுபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்து டிராயரில் சால்டரிங் அயர்ன் இருந்தது. பழைய டெலிபோன் வயரை உரித்தேன். நாலாம் பின்னுக்கு நாலாம் பின், அஞ்சுக்கு அஞ்சு. நீ உன் ஹேர்பின்னால் கம்பியை அசையாமல் பிடித்தாய். பேஸ்ட் புகை நம் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் ஏறியது. அவ்வளவு பக்கத்தில் நான் உன்னைப் பார்த்தது அப்போதுதான். புருவத்தில் ஹோளிகெ மாவு ஒட்டியிருந்தது. ஈயம் தெறித்து உன் விரலில் பட்டது. சுட்டதா, சுட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“சாக்கு. கைய ஆட்டாம ஒட்டு” என்றாய்.

மூடியைத் திருகாமல் அப்படியே செருகினோம். சென்னியப்பன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குனிந்து வந்து போனை எடுத்ததாகச் சொன்னார். இந்தத் தடவை விளக்குகள் வேறு மாதிரி எரிந்தன. ஓடின, ஒரு கணம் நின்றன, மறுபடி ஓடின. மூச்சு விடுகிற மாதிரி. நாம் திரையைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தோம். அவர் ரேக் நம்பர்களைப் படித்துக்கொண்டே போனார், கோயில் மணியக்காரர் ஏலம் விடுகிற மாதிரி. கடைசியாக, “அம்புட்டும் வந்துருச்சுங்க. பேரெல்லாம் சுத்தமா இருக்குதுங்க. நான் வூட்டுக்குப் போலாங்களா?” என்றார்.

போகலாம் அண்ணா என்றேன். நீ என் பையைத் தோளிலிருந்து இறக்கி என் டெர்மினலுக்கு அடியில் தள்ளினாய். அது ஓசூருக்குப் போகவிருந்த பை என்று உனக்குத் தெரியும் என்பதை அந்தத் தள்ளலிலேயே புரிந்துகொண்டேன். “திங்கக்கெழமை சீக்கிரம் வாபா. அந்தப் புரோகிராமையும் சரி பண்ணணும்” என்றாய்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது. ஆஸ்டின் டவுனில் உங்கள் அப்பாவுக்கு முன்னால் கைகட்டி நின்றேன். ஜீவனஹள்ளியில் இந்த மாடி வீட்டைப் பிடித்தோம். மோடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின; கீச்சிடாத லைன்கள் வந்தன. பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சல் உனக்கு வந்தது, அது சாதாரணமாக இருக்கவில்லை. எல்லோரும் நான் அழுவேன் என்று காத்திருந்தார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஆனால் இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து என் கை நிற்கவில்லை. பஸ் பகுதி வந்தபோது எழுந்து நின்று எழுதினேன். விளக்குகள் ஓடியபோது என் நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது, முடிவு தெரிந்த கதைக்கு. எனக்கு வந்தது இதுதான் போலிருக்கிறது. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று தேடுகிற இந்தப் பரபரப்பு உன்னிடமிருந்து எனக்குத் தொற்றியது. ஹார்டுவேர் கடை நாற்காலியில் இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

இப்போதுதான் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டு வந்தேன். வேன் வேண்டாம் என்றேன்.

“அங்க உனுக்கு யாருடா கீறாங்க?”

“வேலை கீதுண்ணா.”

“வேலை எங்கயும் கீதுடா.”

“இந்த வேலை இங்கதாண்ணா கீது.”

பிறகு, சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருகிறாராம், வேன் இல்லாமல், அண்ணியையும் கூட்டிக்கொண்டு. குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போவாராம். இந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று சுற்றிக் காட்டச் சொன்னார்.

காட்டுகிறேன். நீ கூட்டிக்கொண்டு போன வழிகள்தாம் எனக்குத் தெரியும். அவை போதாத இடத்தில் இனி நான் கன்னடத்தில் கேட்டுக்கொள்வேன்.